ஓதம் ஏறிய சுவர்: இங்கிலாந்தின் தென்கரை ஊரான பிரைட்டனில் ஒரு வரிசை வீட்டின் முகப்பைச் சுண்ணாம்பால் மீட்ட பதிவு

எங்கள் வீட்டின் முதல் மாடி முன்னறையில், வில்லாக வளைந்து தெருப்பக்கம் புடைத்து நிற்கும் சன்னலுக்கு இடப்புறம், ஒரு முறத்தின் அகலத்துக்குச் சுவர் கறுத்துக் கிடந்தது. வண்ணம் கொப்புளித்திருந்தது, கொப்புளத்தை விரலால் அழுத்தினால் உள்ளிருந்து வெண்பொடி உதிர்ந்தது. மழை பெய்த மறுநாள் அந்தக் கறுப்பு அடர்ந்ததில் வியப்பில்லை. ஆனால் பத்து நாள் மழையே இல்லாமல், தெற்கிலிருந்து கடற்காற்று மட்டும் பிசுபிசுப்பாக வீசிய நாள்களிலும் அந்த இடம் நனைந்தது. ஓதம் என்ற தமிழ்ச்சொல் கடல் பொங்கி ஏறுவதையும் குறிக்கும், சுவரில் ஊறும் ஈரத்தையும் குறிக்கும். கடற்கரைச் சாலையிலிருந்து மேடேறும் எங்கள் தெருவில் குடியிருப்பவருக்கு அந்த இரண்டும் ஒரே பொருள்தான் என்பது அந்தக் குளிர்காலத்தில் எனக்குத் தெளிவாயிற்று.

ஈரத்தைப் பார்க்க ஒரு நிறுவனத்தை அழைத்தோம். வந்தவர் இரண்டு ஊசிகள் கொண்ட மின்மானியைச் சுவரில் குத்தி, முள் உச்சத்துக்குப் போனதைக் காட்டி, தரையிலிருந்து நீர் மேலேறுகிறது என்றார். சுவரின் அடியில் துளையிட்டு ரசாயனம் செலுத்த வேண்டும், உட்புறம் நீர் புகாத சிமெண்டுப் பூச்சு அடிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். தரையிலிருந்து ஊறி ஏறும் நீர் பொதுவாக ஒரு மீட்டர் உயரத்தோடு நின்றுவிடும். எங்கள் கறையோ நடைபாதைக்கு நாலரை மீட்டர் மேலே இருந்தது, அதற்குக் கீழே இருந்த அறையின் சுவர் உலர்ந்திருந்தது. அத்துடன் அந்த மானி ஈரத்தை அளப்பதில்லை, மின்கடத்தலைத்தான் அளக்கிறது. உப்பு ஏறிய சுவர் ஓரளவு காய்ந்திருந்தாலும் முள்ளை உச்சத்துக்குத் தள்ளிவிடும். அந்த மதிப்பீட்டை ஏற்காமல், நீர் எங்கிருந்து வருகிறது என்பதை நாங்களே மேலிருந்து கீழாகத் தேடிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

செய்த வேலையைச் சொல்வதற்கு முன், இந்த வீடு எதனால் ஆனது என்பதைச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் கரணையைக் கையில் எடுத்தவர்கள்தான் இந்த ஊரின் சுவர்கள் பலவற்றைக் கெடுத்திருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் டாக்டர் ரிச்சர்ட் ரசல் கடல்நீர் மருத்துவத்தைப் பரப்பியதும், 1783இல் வேல்ஸ் இளவரசர் முதன்முறையாக வந்து, பிறகு இங்கேயே மாளிகை அமைத்துக்கொண்டதும் பிரைட்டனை மீனவர் குடியிருப்பிலிருந்து நாகரிகச் சமூகத்தின் கோடை இருப்பிடமாக மாற்றின. 1801இல் 7,000 பேர் அளவில் இருந்த ஊர், 1831இல் 40,000 பேரைத் தாண்டிவிட்டது. அந்த முப்பது ஆண்டுகளில் வாடகைக்கு விடுவதற்காகத் தெருத் தெருவாக வீடுகள் விரைந்து எழுந்தன. ஊருக்குப் பின்னால் இருப்பது சுண்ணக்கல் குன்றுகள். செதுக்கிக் கட்டத் தகுந்த கருங்கல்லோ மணற்கல்லோ அருகில் இல்லை. செங்கல்லுக்கு 1784 முதல் 1850 வரை வரி இருந்தது. ஆகவே கட்டியவர்கள், கையில் கிடைத்ததையெல்லாம் பலகைக் கட்டுக்குள் கொட்டி, சுண்ணாம்புக் கலவையை ஊற்றிச் சுவராக்கினார்கள். குன்றிலிருந்து பெயர்த்த சிக்கிமுக்கிக் கல், கடற்கரைக் கூழாங்கல், உடைந்த செங்கல், மணல், மரத்துண்டு என்று எல்லாம் அதில் கலந்திருக்கும். இந்தக் கலவைச் சுவருக்கு இவ்வூரில் பங்கரூஷ் என்று பெயர். பிரைட்டனுக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் வெளியே இதைக் காண்பது அரிது.

அந்த அலங்கோலமான சுவருக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. சில இடங்களில் அதற்கு ஓடு பயன்பட்டது. கடற்கரையை நோக்கி நிற்கும் ராயல் கிரசென்ட்டின் 14 வீடுகளும் 1799க்கும் 1807க்கும் இடையே கட்டப்பட்டவை. அவற்றின் பளபளக்கும் கறுப்பு முகப்பு பார்வைக்குச் செங்கல் வரிசைபோல் இருந்தாலும் உண்மையில் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து தொங்கும் ஓடுகள்தான். செங்கல் வரியிலிருந்து தப்பிக்கவே இந்த ஓடுகள் வந்தன என்று பலரும் சொல்வதுண்டு. அதே வரிச்சட்டம் ஓடுகளுக்கும் வரி விதித்தது என்பதால் அந்த விளக்கம் நிற்காது. உப்புக் காற்றையும் சாரலையும் தாங்கியதும், பார்க்க அழகாக இருந்ததும்தான் பொருத்தமான காரணங்கள். பெரும்பாலான முகப்புகளுக்கோ ஸ்டக்கோ என்னும் காரைப்பூச்சுதான் முகம். பூசி, மேலே கோடு கீறி, செதுக்கிய கல்லால் கட்டியதுபோல் தோற்றம் தந்து, அதன்மேல் வண்ணம் தீட்டினார்கள். 1823இல் தாமஸ் ரீட் கெம்ப் தொடங்கிய கெம்ப் டவுனிலும், அடுத்த ஆண்டுகளில் சார்லஸ் பஸ்பி வடிவமைத்த பிரன்ஸ்விக் சதுக்கத்திலும் இந்தப் பூச்சுக்கலை அதன் உச்சத்தில் இருக்கிறது. தூண், துருத்திய விளிம்பு, வளைந்த மாடம் எல்லாம் சேர்ந்து பல வீடுகள் ஒரே அரண்மனையாகத் தெரியும். கெம்ப் டவுனில் வீடு வாங்கியவர்களுக்குக் கிடைத்தது முகப்பும் வெறும் கூடும்தான். உள்ளே அறைகளை அவரவர் விருப்பப்படி, அவரவர் ஆட்களைக் கொண்டு அமைத்துக்கொண்டார்கள். தெரு எல்லோருக்கும் பொது என்பதால் முகப்பில் மட்டும் அந்த உரிமை தரப்படவில்லை.

எங்களுடையது அந்தப் பெரிய சதுக்கங்களில் ஒன்றல்ல. அதே 1820களின் பக்கத் தெருவில் இருக்கும் ஐந்து மீட்டர் அகலமான சிறு வீடு. தெரு கடலுக்குச் செங்குத்தாக ஏறுவதால், தட்டையான சன்னலில் நின்றால் எதிர்வீடுதான் தெரியும். வில்லாகப் புடைத்த சன்னலின் ஓரத்தில் நின்றால் தெருக்கோடியில் கடல் ஒரு கீற்றாகத் தெரியும். இவ்வூரில் இத்தனை வளைந்த முகப்புகள் இருப்பதற்கு அந்தக் கீற்றும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அதன் விலையை, வளைவு தட்டைச் சுவரோடு சேரும் மூலை கட்டிக்கொண்டிருக்கிறது. தென்மேற்கிலிருந்து வரும் சாரல் முழுவதும் அங்கேதான் ஒதுங்குகிறது.

மார்ச்சில் கூரையில் ஏறிப் பார்த்தேன். முகப்பின் உச்சியில் கைப்பிடிச் சுவர் கூரையை மறைத்து நிற்கிறது; அதன் பின்னால் ஈயத் தகடு விரித்த மழைநீர்க் கால்வாய் ஓடுகிறது. எங்கள் கால்வாயில் மூன்று மீட்டருக்கும் மேல் நீளமான ஒரே தகட்டை யாரோ விரித்திருந்தார்கள். ஈயம் வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கும் உலோகம். அவ்வளவு நீளத்துக்கு இடம் கொடுக்காமல் பிடித்து வைத்தால் ஆண்டுக்கணக்கில் மடிந்து மடிந்து ஓரிடத்தில் கிழியும். கிழிசல் என் கையின் நீளத்துக்கு இருந்தது, அதற்கு நேர் கீழே எங்கள் கறை. கைப்பிடிச் சுவரின் மேல்கட்டில் இரண்டு மூட்டுகள் திறந்திருந்தன. ஈய வேலையை அதில் கைதேர்ந்தவரிடம் விட்டேன்; அவர் தகட்டைச் சிறு நீளங்களாக வெட்டி, இடையிடையே படி வைத்து, ஏப்ரல் இறுதியில் முடித்துக் கொடுத்தார். நீர் வரும் வழியை அடைக்காமல் பூச்சு வேலையைத் தொடங்குவது வீண்.

வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இரண்டாம் தரத்தில் இருப்பதால், முகப்பில் கைவைக்க அனுமதி வேண்டும். சிமெண்டை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக்குத் திரும்பப் போகிறோம் என்பதை ஒளிப்படங்கள், அளவுகள், கலவை விகிதம் ஆகியவற்றோடு எழுதி விண்ணப்பித்தோம். எட்டு வாரத்தில் இசைவு வந்தது. நடைபாதையில் சாரம் நிறுத்தத் தனி உரிமம் வாங்கினோம். மே மூன்றாம் வாரம் சாரம் ஏறியது.

முதல் வேலை தட்டிப் பார்ப்பது. சுத்தியலின் மரப்பிடியால் முகப்பை ஒவ்வொரு சாணாகத் தட்டி, கல்லென்று ஒலித்த இடத்தை விட்டுவிட்டு, டொக்கென்று உள்ளீடற்று ஒலித்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டேன். வட்டங்கள் சேர்ந்து, சன்னலின் அடியிலிருந்து கைப்பிடிச் சுவர்வரை, பக்கத்து வீட்டு எல்லையோடு ஒட்டி, ஏறத்தாழ ஒன்பது சதுர மீட்டர் ஆயிற்று. இடப்பக்கத்து வீட்டு மூதாட்டி கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், “1983 கோடையில் உங்கள் வீட்டுக்கு அந்தச் சிமெண்டைப் பூசினார்கள். என் வீட்டுக்கும் சேர்த்துப் பூசித் தருகிறோம் என்றார்கள், என் கணவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்” என்றார். அவர் வீட்டின் இருநூறு ஆண்டுப் பழைய பூச்சு ஆங்காங்கே மயிரிழை விரிசலோடு இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

சிமெண்டு 25 மில்லிமீட்டர் தடிமன் இருந்தது. மின்சுத்தியலைத் தொடவே இல்லை. அதன் அதிர்வில் பங்கரூஷ் உள்ளுக்குள்ளேயே கழன்றுவிடும். அகல உளியும் சிறு சுத்தியலும் கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு மேல் திறக்காமல், மேலிருந்து கீழே வந்தேன். உள்ளீடற்ற இடங்களில் சிமெண்டு பலகை பலகையாகக் கையோடு வந்தது. அதன் பின்பக்கம் நனைந்து கறுத்திருந்தது. முன்பக்கம் பிளாஸ்டிக் வண்ணத்தின் கீழ் எலும்பாகக் காய்ந்திருந்தது. பழுதின் காரணம் முழுவதும் அந்த ஒரு வில்லையில் தெரிந்தது. சிமெண்டு கடினமானது, வளையாது. வீடு சற்று அசைந்தால் அது மயிரிழையாக வெடிக்கும். வெடிப்பு சாரலை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் அந்த ஈரம் வெளியே ஆவியாகச் சிமெண்டும் வண்ணமும் வழிவிடா. போக்கிடமில்லாத நீர் சுவரின் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு உள்ளறைப் பக்கம் நகரும்.

திறந்த சுவரின் முன் சாரப்பலகையில் உட்கார்ந்து நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டை அளவுக் கூழாங்கற்கள், கறுப்பும் வெள்ளையுமாக உடைந்து கண்ணாடிபோல் மின்னிய சிக்கிமுக்கிக் கற்கள், ஒருபுறம் வெந்து மறுபுறம் வேகாத செங்கல் துண்டுகள், ஒரு சிப்பி ஓடு, கரித்துகள், களிமண் புகைக்குழாயின் சுண்டுவிரல் நீளத் தண்டு ஒன்று. இவற்றுக்கிடையே கலவையில் கரையாமல் தங்கிப்போன சுண்ணாம்புக் கட்டிகள் பால்வெள்ளைப் புள்ளிகளாக இருந்தன. சுவரின் நல்ல பகுதியில் கரணை நுனி ஏறவில்லை. கறைக்கு நேர் எதிரே இருந்த பகுதியிலோ, ஒரு கல்லை அசைத்ததும் அதைச் சுற்றியிருந்த கலவை காய்ந்த மணலாக ஒழுகத் தொடங்கியது. கையை வைத்து அடைப்பதற்குள் அரை வாளி கொட்டிவிட்டது. இந்தச் சுவருக்கு ஓரளவு ஈரம் தேவை. அளவுக்கு மிஞ்சி நனைந்தால் சுண்ணாம்பு கரைந்துபோகும். முற்றாக உலர்ந்தால் பொடியாகும். எங்கள் சுவரில் அந்த இரண்டும் ஒரு சாண் இடைவெளியில் நடந்திருந்தன.

அந்தக் குழியின் அடியில்தான் மரம் இருந்தது. இத்தகைய சுவர்களில், கலவை இறுகும்வரை கல்லையும் கலவையையும் கட்டிப் பிடிப்பதற்காகக் கிடைவாட்டமாக மரச்சட்டங்களைப் புதைத்துவிடுவார்கள். நூற்றைம்பது ஆண்டு வறட்சியில் கெடாத மரம், நாற்பது ஆண்டு அடைபட்ட ஈரத்தில் கெட்டிருந்தது. விரலால் கிள்ளினால் நனைந்த ரொட்டித்தூளாக வந்தது. மூன்றங்குலத்துக்கு நாலங்குலச் சட்டம், வளைவின் மூலையிலிருந்து பொதுச்சுவர் வரை ஒரு மீட்டருக்கும் மேல். முகப்புச் சுவரும் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரும் இவ்வகை வீடுகளில் நன்றாகப் பின்னிக் கட்டப்படுவதில்லை. பல இடங்களில் அவற்றைச் சேர்த்துப் பிடிப்பதே இப்படியொரு மரம்தான். ஆகவே அன்றே வேலையை நிறுத்தி, தாங்குபலகை அடித்து, கட்டமைப்புப் பொறியாளரை வரவழைத்தேன். அவர் சொன்ன முறை எளிது: மரத்துக்குப் பதில் மரம் வைக்க வேண்டாம், செங்கல்லை வைக்கலாம், ஆனால் ஒரே வீச்சில் அல்ல. 450 மில்லிமீட்டர் நீளத்துக்கு மரத்தை எடுத்து, செங்கல்லும் ஓட்டுத்துண்டும் சுண்ணாம்புச் சாந்தில் இறுக வைத்து, அது இறுகிய பிறகு ஓரிடம் விட்டு அடுத்த இடத்தைத் திறக்க வேண்டும். மூலையைப் பொதுச்சுவரோடு துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளால் தைக்க வேண்டும். பொதுச்சுவரில் துளையிடுவதால், 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி அண்டை வீட்டாருக்கு முறையான அறிவிப்பும் அவருடைய எழுத்து மூலமான இசைவும் தேவைப்பட்டன. மூதாட்டி அன்று மாலையே கையெழுத்திட்டுத் தந்தார். செங்கல் வேலை மட்டும் இரண்டரை வாரம் பிடித்தது. ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு நாள் ஆற விட்டேன்.

பூச்சுக்கு இயற்கை நீரியல் சுண்ணாம்பு 3.5 என்ற வகையை எடுத்துக்கொண்டேன். அந்த எண் 28 நாளில் அது அடையும் குறைந்தபட்ச அழுத்த வலிமையைக் குறிக்கிறது. 5 வகை இந்தச் சுவரைவிடக் கடினமாகிவிடும். வெறும் நீற்றுச் சுண்ணாம்பு இந்தக் கடற்காற்றில் இறுகுவதற்குள் அடிபட்டுவிடும். 25 கிலோ மூட்டை ஆறும், பல அளவுப் பருக்கைகள் கலந்த கழுவிய பருமணல் முக்கால் டன்னும் செலவாயின. மணல் உப்பற்றதாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கடற்கரை ஊரில் இருந்துகொண்டு மணலைக் காசு கொடுத்து வாங்குவதா என்று தோன்றினாலும் கரைமணலைத் தொடக்கூடாது. பெட்டியால் அளந்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரைப் பங்கு மணல். இயந்திரத்தில் இருபது நிமிடம் கலக்கினால்தான் கலவை வெண்ணெய்போல் திரளும். அவசரப்பட்டு மேலும் நீர் ஊற்றினால் பின்னால் சுருங்கி வெடிக்கும். கண்களை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் சுண்ணாம்பைத் தொட வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு துளி கண்ணைக் கெடுத்துவிடும்.

முதலில் குழிகளை நிரப்பினேன். ஆழமான இடத்தில் சாந்தை மட்டும் அப்பினால் அதன் எடையே அதைக் கீழே இழுக்கும்; எனவே சுவரிலிருந்து வந்த அதே கற்களையும் ஓட்டுத்துண்டுகளையும் சாந்தில் அழுத்திப் பதித்து, முகம் சமமாகும்வரை அடுக்கடுக்காகக் கொண்டுவந்தேன். பிறகு சுவரைத் தூரிகையால் நனைத்து, தளர்ந்த கலவையைக் கரணையால் வீசி, கல்லும் கூழாங்கல்லும் பற்றிக்கொள்ளும் சொரசொரப்பான முதல் படலத்தை ஏற்றினேன். அதன்மேல் பத்து மில்லிமீட்டர் அளவுக்கு நேர்ப்படுத்தும் படலம்.

இந்த இரண்டாவது படலத்தில்தான் தவறினேன். ஜூலை முதல் வாரத்தில் வெயிலும் தெற்குக் காற்றும் சேர்ந்து அடித்த ஒரு நாள், மதியத்துக்குள் இரண்டு சதுர மீட்டர் பூசிவிட்டு, நனைத்த சணல் சாக்கை மேலே தொங்கவிட்டேன். அதன் அடிவிளிம்பைக் கட்டவில்லை. காற்று சாக்கைத் தூக்கிச் சாரக்குழாயில் சுருட்டி வைத்துவிட்டது. மாலையில் வந்து பார்த்தபோது பூச்சு வெளுத்து, வலைபோல் வெடித்திருந்தது. உள்ளங்கையால் தடவினால் தூள் வந்தது. நீரியல் சுண்ணாம்பு முதலில் நீரோடு வினைபுரிந்து இறுகுகிறது, அதன்பின் மாதக்கணக்கில் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாகிறது. இரண்டுக்கும் ஈரம் வேண்டும். அது போன பின்பு மேலே நீர் தெளித்து மீட்க முடியாது. அந்த இரண்டு சதுர மீட்டரையும் செதுக்கி எடுத்தேன். மறுமுறை சாக்கை மேலும் கீழும் கட்டி, அதற்கு வெளியே சாரம் முழுவதும் திரை போட்டு, நாளுக்கு நான்கு முறை மெல்லிய தெளிப்பானால் நனைத்து, ஏழு நாள் காத்தேன். வெடிப்பு விழவில்லை.

ஆகஸ்டில் மூன்றாம் படலம். இதை மணியாசுக் கட்டையால் தேய்த்து, இறுகத் தொடங்கும் வேளையில் மீண்டும் ஒருமுறை அழுத்தித் தேய்த்தால்தான் மேற்பரப்பு மூடிக்கொள்ளும். அதன் பிறகு கோடு கீற வேண்டும். 1983இன் சிமெண்டில் கோடுகளே இல்லை. வரிசை முழுவதும் கல்லடுக்காகத் தெரிய, எங்கள் வீடு மட்டும் மொட்டையாக நின்றது. எங்கள் பழைய கோடுகள் எங்கே இருந்தன என்று எப்படி அறிவது? விடை மழைநீர்க் குழாயின் பின்னால் இருந்தது. இரண்டு வீடுகளின் எல்லையில் இறங்கும் வார்ப்பிரும்புக் குழாயைக் கழற்றாமலே சிமெண்டு பூசியிருந்ததால், அதன் மறைவில் ஒரு கையகலத்துக்கு மூலப்பூச்சு தப்பியிருந்தது. கரிப்பொடி கலந்த பழுப்பு நிறக் காரை. மேலே அடுக்கடுக்காக வண்ணப் பொருக்கு. கத்தி நுனியால் ஒன்றொன்றாகப் பெயர்த்தேன்: வெள்ளை, பாலேடு, கல்நிறம், மறுபடி பாலேடு, அடியில் வெளிறிய மஞ்சட்கல் நிறம். அந்தத் துண்டில் பென்சில் முனை அகலத்தில் இரண்டு கோடுகள், இடைவெளி பதினொன்றே முக்கால் அங்குலம்.

ரசமட்டத்தை வைத்துப் பார்த்தபோது அந்தக் கோடுகள் கிடைமட்டத்தில் இல்லை. எங்கள் சன்னலின் கீழ்க்கட்டையிலிருந்து எல்லை வரை எட்டு மில்லிமீட்டர் சரிந்திருந்தன. பக்கத்து வீட்டின் கோடுகளோ அதே இடத்தில், அதே உயரத்தில், எல்லைக்கு அப்பால் தொடர்ந்தன. கோடு கீறிய பிறகுதான் இரண்டு வீடுகளும் அந்தப் பக்கமாகச் சேர்ந்து இறங்கியிருக்கின்றன. கீறியவர் அன்று சரியாகவே கீறியிருக்கிறார். எனக்கு யோசனை சொல்லிவந்த சுண்ணாம்புக் கொத்தனார், மட்டத்துக்கே கீறிவிட்டால் எங்கள் வீடு நேராகத் தெரியும் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மட்டமாகக் கீறினால் எல்லையில் ஒவ்வொரு வரிசையும் ஒரு சிறு படியாக முறியும். தெருவில் நடப்பவருக்கு இரண்டு வீடுகள் ஒட்டி நிற்பது தெரியும், ஒரு முகப்பு தெரியாது. மட்டத்தை விட்டு, சன்னல் ஓரத்திலிருந்து மூதாட்டியின் கோட்டுக்கு நூல் அடித்து, சரிவோடு சரிவாகவே கீறினேன். பதினேழு வரிசைகள், அவற்றுக்கிடையே ஒன்றுவிட்டு ஒன்றாகக் குத்துக்கோடுகள். பூச்சு நகம் பதியும் பதத்தில் இருக்கும் அரை மணி நேரத்துக்குள் ஒவ்வொரு பகுதியையும் முடிக்க வேண்டியிருந்ததால், அன்று கீழே இறங்கிச் சாப்பிடக்கூட இல்லை. மாலை வெயில் பக்கவாட்டில் விழுந்தபோது கோட்டின் நிழல் அவர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குள் முறியாமல் வந்தது. இந்த வேலையில் நான் அடைந்த மகிழ்ச்சிகளில் அதுவே பெரிது.

வண்ணத்துக்குச் செப்டம்பர் இறுதிவரை காத்திருந்தேன். பிளாஸ்டிக் வண்ணம் மீண்டும் சுவரின் மூச்சை அடைத்துவிடும். எனவே ஆவியை வெளிவிடும் சிலிக்கேட் வகையில், வரிசையின் மற்ற வீடுகளோடு பொருந்தும் பாலேட்டு நிறத்தைத் தேர்ந்தோம். ஹோவ் பக்கத்துப் பிரன்ஸ்விக் சதுக்கத்தில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எல்லா முகப்புகளையும் ஒரே பாலேட்டு நிறத்தில் தீட்ட வேண்டும் என்பது சட்டமாகவே இருக்கிறது. எங்கள் தெருவுக்கு அப்படி ஒன்றுமில்லை; இருந்தால் நல்லது என்று இந்தக் கோடையில் பலமுறை நினைத்தேன். அக்டோபரில் வெப்பநிலை ஐந்து பாகைக்குக் கீழே இறங்கும் இரவுகள் தொடங்குமுன் சாரத்தை இறக்கிவிட்டோம்.

உட்புறம்தான் பொறுமையைச் சோதித்தது. ஜிப்சம் பூச்சைச் செதுக்கி எடுத்து, ஆட்டுமயிர் கலந்த சுண்ணாம்புப் பூச்சு ஒரு படலம் மட்டும் பூசி, வண்ணமின்றி விட்டுவைத்தேன். சுவர் உலர உலர, உள்ளே தங்கிய உப்பு அந்தப் படலத்தின் முகத்துக்கு வந்து பஞ்சுபோல் பூத்தது. அதை ஈரத்துணியால் துடைத்தால் கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போய்விடும்; காய்ந்த தூரிகையால் முறத்தில் தட்டி எடுத்து வெளியே கொட்ட வேண்டும். நவம்பரில் இரண்டு முறை, சனவரியில் ஒரு முறை அப்படித் தட்டினேன். மழையே இல்லாத நாளிலும் சுவர் நனைந்ததற்குக் காரணம் இந்த உப்புதான்: காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும், கடற்காற்று வீசும் நாளில் எங்கள் முன்னறை அந்த அளவை எளிதில் தாண்டும். உப்பு குறையும்வரை இந்தப் படலத்தை வைத்திருந்து, அது உப்பால் நைந்துபோனால் எடுத்துவிட்டு மறுபடி பூசுவதுதான் வழி.

இப்போது பிப்ரவரி. மூன்று பெரும் புயல்மழைகள் கடந்துவிட்டன, உள்சுவரில் புதிய ஈரம் ஏறவில்லை. பிசுபிசுத்த நாள்களில் மட்டும், பழைய முறத்தளவுக் கறையின் நடுவே ஒரு தட்டு அகலத்துக்கு இன்னும் நிறம் மாறுகிறது. போன வாரம் மூதாட்டியின் கைப்பிடிச் சுவரையும் ஏறிப் பார்த்தேன். எங்கள் எல்லையிலிருந்து இரண்டாவது மூட்டு திறந்திருக்கிறது. மீந்த ஒரு மூட்டைச் சுண்ணாம்பு பழசாகிவிடும் என்பதால் மே மாதத்தில் புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்; மீந்த மணலை மட்டும் அவர் வீட்டு நடைபாதைக்கு அடியிலிருக்கும் பழைய கரியறையில் கொட்டி மூடி வைத்திருக்கிறோம்.